வீட்டிலேயே கூன் வளர்ப்போம்

உடற்பயிற்சி செய்ய நேரமே கிடைப்பதில்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்களை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பயிற்சி செய்கிறவர் நீங்கள். அமாவாசை, கார்த்திகை, தீபாவளி எதற்கும் லீவு விட்டதில்லை. பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்தவர் மூன்றாவது வாரமே காணாமல் போகிறார். நீங்கள் வருஷக்கணக்கில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

உடம்புக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: தினமும் எதைச் செய்கிறோமோ அதற்குப் பழகிக்கொள்ளும். நல்லதா கெட்டதா என்று விசாரணை வைக்காது. அதனால் முதுகு வளைந்ததும் தோள் இறுகியதும் யாரோ வைத்த சூனியம் இல்லை, நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. இதுவரை தோன்றியபடி செய்தீர்கள். இனி முறையாகச் செய்வோம். தேவையான கருவிகள்: போன், சோபா, லேப்டாப், இரண்டு தலையணை. எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. தொடங்கலாம்.

1. தலையை முன்னே அனுப்புங்கள்

காது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை தலையின் பாரத்தைப் பெரும்பாலும் எலும்புகளே தாங்கிக்கொள்ளும். கழுத்துத் தசைகள் சும்மா உட்கார்ந்து சாப்பிடும். அதை அனுமதிக்காதீர்கள். போனை மடியில் வையுங்கள். முகத்தை அதை நோக்கி இறக்குங்கள். மோவாய் நெஞ்சைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். தொட்டுவிட்டால் தூக்கம் வந்து பயிற்சி கெட்டுவிடும்.

பெரியவர்களின் தலை சுமார் ஐந்து கிலோ. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் பாரம் 12 கிலோ. 30 டிகிரிக்கு 18. 45 டிகிரிக்கு 22. 60 டிகிரிக்கு 27 கிலோ. ஜிஎஸ்டிக்குத் தப்புவதற்காக அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை விற்கிறார்களே, அதைவிட ஒரு கிலோ கூடுதல். மூட்டையைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு ரீல்ஸ் பாருங்கள் என்றால் சண்டைக்கு வருவீர்கள். அதே பாரம் வரியும் இல்லாமல் விலையும் இல்லாமல் கிடைக்கும்போது விடலாமா?

'இதோ, இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்' என்று சொல்லி ஆரம்பியுங்கள். மீதியைப் போன் பார்த்துக்கொள்ளும்.

2. உட்காராதீர்கள், சரியுங்கள்

இடுப்பைப் பின்னால் தள்ளிச் சோபாவில் உட்காருவது விருந்தாளிகள் செய்வது. வீட்டுக்காரர் இடுப்பை முன்னே நழுவவிட்டு வாலெலும்பில் உட்கார வேண்டும். கீழ்முதுகுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு பூனை படுக்கும் அளவுக்கு இடம் விடுங்கள். கால் டீப்பாயில். லேப்டாப் வயிற்றில். திரை கண்ணுக்கு ஒரு முழம் கீழே. இப்போது தோள்கள் இரண்டும் முன்னே வந்து ஒன்றையொன்று நலம் விசாரிக்கும். அதுதான் சரியான நிலை.

இந்த நிலையைத் தொடர்ந்து கடைப்பிடிப்பவர்களுக்கு ஒரு பட்டமும் உண்டு. செக் நாட்டு மருத்துவர் விளாடிமிர் யாண்டா இதற்கு 'அப்பர் கிராஸ்டு சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். நெஞ்சுத் தசையும் பிடரித் தசையும் இறுகிக்கொள்ளும். கழுத்தின் முன்பக்க உள்தசைகளும், தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகளும் வலுவிழக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இறுகியவை ஒரு கோடு, தளர்ந்தவை ஒரு கோடு. இரண்டும் குறுக்கே வெட்டும். கணக்கு வாத்தியார் உங்கள் நோட்டில் தப்புக்குப் போட்ட அதே குறி.

3. அசையவே அசையாதீர்கள்

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகளுக்கு, வளர்ந்த பிறகு, நேரடி ரத்த ஓட்டம் ஏறக்குறைய இல்லை. சுற்றியுள்ள இடத்திலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. நாம் நடந்தாலும் நெளிந்தாலும் எழுந்தாலும், அவை அழுந்தி விரிந்து வயிறு நிரப்பிக்கொள்ளும். ஆகவே எழுந்திருக்காதீர்கள். பட்டினி போடுங்கள்.

எழுந்திருக்கும்படி கையில் கட்டிய வாட்ச் அதிர்ந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்காதீர்கள், பாத்ரூம் போக வேண்டிவரும். எட்டடி தூரத்தில் சார்ஜர் இருந்தால் பிள்ளையைக் கூப்பிடுங்கள்: 'கண்ணு, அதை எடுத்துக் குடு.' பிள்ளை இல்லாத வீட்டில் பேட்டரி தீரும்வரை காத்திருக்கலாம்.

எப்போதாவது குற்ற உணர்ச்சி வரும். அன்றைக்கு மட்டும் குடியரசு தின அணிவகுப்புக்கு வந்தவர்போல விறைத்து உட்காருங்கள். நெஞ்சை முன்னே தள்ளுங்கள். மூச்சைப் பிடியுங்கள். இருபது நிமிடத்தில் முதுகு கெஞ்சும். 'நிமிர்ந்து உக்காந்தா எனக்கு ஒத்துக்கலை' என்று வீட்டில் அறிவித்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்புங்கள். விறைப்பும் அசையாமைதான், முதுகு கேட்பது அடிக்கடி இடம் மாறுவதை மட்டும்தான் என்ற விவரம் உங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு தோளுக்கு மட்டும் சலுகை காட்டுங்கள்

ஆபீஸ் பையில் லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், சாப்பாட்டு டப்பா, குடை, சென்ற ஆண்டு யாரோ கொடுத்த டைரி எல்லாம் இருக்கட்டும். இரண்டு வார் உள்ள பையாக இருந்தாலும் ஒரு வாரை மட்டும் மாட்டுங்கள். எப்போதும் அதே தோளில். நழுவாமல் இருக்க அந்தத் தோளைக் காதுவரை தூக்கிப் பிடித்தபடி நடங்கள். இதை வேறு யாராவது செய்யச் சொன்னால் பத்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்பீர்கள்.

பைக்கில் போகும்போது அழைப்பு வந்தால் போனை ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாதவர்கள் தலையைத் தோளில் சாய்த்து நசுக்கிப் பிடிக்கலாம். கழுத்தோடு உயிருக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சி இது. போலீஸ்காரர் தென்பட்டால் மட்டும் நிமிருங்கள்.

ஆண்கள் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து அதன் மேல் உட்காருங்கள். பணம் அதிகம் இருக்க வேண்டிய அவசியமில்லை. காலாவதியான கார்டுகளும் பெட்ரோல் பங்க் ரசீதுகளும் போதும், இடுப்பு ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். முதுகெலும்பு வளைந்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். அது ரொம்ப அனுசரணையான எலும்பு.

5. சமையல் மேடையைத் தப்பான உயரத்தில் கட்டுங்கள்

வீடு கட்டும்போது மேடையின் உயரத்தைக் கொத்தனாரும், வாழ்நாளில் சப்பாத்தி தேய்க்காத வீட்டுத் தலைவரும் பேசி முடிவு செய்யட்டும். சமைப்பவரைக் கேட்காதீர்கள். கேட்டால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும் என்று ஏதாவது சொல்லிவிடுவார்.

மேடை உயரமாக அமைந்துவிட்டால் தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு சப்பாத்தி தேய்க்கலாம். தாழ்வாக அமைந்தால் கூன்போட்டுக் காய் நறுக்கலாம். சிங்க் இன்னும் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும். அங்கே குனிந்து குக்கர் தேய்ப்பது இந்தப் பாடத்திட்டத்தின் மிகச் சிறந்த பயிற்சிகளில் ஒன்று, அதை வீட்டில் ஒரே ஒருவருக்கு ஒதுக்கிவிடுங்கள். அவர் 'தோளெல்லாம் கடுக்குது' என்றால், 'வீட்டு வேலை செஞ்சாலே போதும், தனியா எக்ஸர்சைஸ் எதுக்கு?' என்று ஊக்கப்படுத்துங்கள்.

6. தூங்கும்போதும் விடாதீர்கள்

இரண்டு தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மல்லாந்து படுங்கள். மோவாய் நெஞ்சைப் பார்க்கட்டும். பகல் முழுதும் செய்த முதல் படி இரவிலும் தொடரும். அல்லது குப்புறப் படுத்துக் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு கையைத் தலைக்கு அடியில் திணித்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் எந்தத் தோள் வலிக்கிறதோ அதே பக்கம் படுக்க வேண்டும். வலிக்காத பக்கம் திரும்பி, மேலே இருக்கும் கைக்கு ஒரு தலையணையை அணைத்துக்கொள்வது பிசியோதெரபிஸ்டுகள் பரப்பும் சோம்பேறித்தனம்.

7. கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள்

இனி உயர்நிலைப் பாடம். உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள்தான். கையெலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் ஆழமே இல்லாதது. ஆழமில்லாததால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதைச் சுற்றி 'ரொட்டேட்டர் கஃப்' என்ற நான்கு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கையை நேரே மேலே, 180 டிகிரி தூக்கினால், அதில் சுமார் 120 டிகிரியைத்தான் அந்த மூட்டு தருகிறது. மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. முதுகு வளைந்தால் தோள்பட்டை எலும்பு முன்னே கவிழும், அந்தத் திருப்பம் மாட்டிக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் கூன்போட்டபடி ஒரு கையைத் தூக்கிப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து தூக்கிப் பாருங்கள். வேண்டாம், இரண்டாவதைச் செய்யாதீர்கள். மனசு மாறிவிடும்.

கை ஏற மறுக்கும்போது வற்புறுத்தாதீர்கள். கைக்குத் தகுந்தபடி வீட்டை இறக்கிவிடுங்கள். பரணில் இருக்கும் முறுக்கு அச்சு கட்டிலுக்கு அடியில் போகட்டும். மேல் தட்டில் இருந்த புளி ஜாடி மேடைக்கு வரட்டும். துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, இடுப்பு உயரத்தில் நிற்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள். சட்டை மாட்டும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள். தலை பின்ன முடியவில்லையா, முடியை வெட்டிவிடுங்கள். ரவிக்கையின் பின்பக்கக் கொக்கியை முன்பக்கம் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். முதுகு அரித்தால் கதவு நிலையில் தேய்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒன்றுகூட யார் கண்ணிலும் படாது. சில மாதங்களில் வீட்டில் தோளுக்கு மேலே கடிகாரமும் சாமி படமும் ஒட்டடையும் மட்டும் மிஞ்சும்.

8. வலி வந்தால் 'வாயு' என்று சொல்லுங்கள்

நம்மிடம் எல்லா வலிக்கும் ஒரே நோய்தான், வாயு. தோளில் பிடித்தால் வாயு. முதுகில் பிடித்தால் வாயு. இடம்தான் மாறும். பூண்டு தின்னுங்கள், சோடா குடியுங்கள், கையை நெஞ்சோடு அணைத்து அசைக்காமல் வைத்திருங்கள். இந்தக் கடைசி அம்சம் முக்கியம். நீண்ட நாள் அசையாத தோளின் உறை சுருங்கித் தடித்து 'ஃப்ரோஸன் ஷோல்டர்' ஆகிவிட வாய்ப்பு உண்டு. கையை வெளிப்பக்கம் திருப்புவது முதலில் போகும், பிறகு மற்றவை. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெதுவாகத் தளர்வு என்று மூன்று கட்டமாக ஓடி முடிய ஒன்று முதல் மூன்று வருடம்வரை ஆகலாம்.

காரணமே தெரியாமலும் இது வரும். நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் முன்வரிசையில் இடம் கிடைக்கும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே போட்டி கடுமையானது. தோள் வலிக்குச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லும் டாக்டரிடம், 'நான் தோளுக்கு வந்தேன், நீங்க ரத்தம் கேக்கறீங்க' என்று கோபித்துக்கொண்டு வெளியேறுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கையேடு நேராகப் பேசும். தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைவரை பரவும் வலி இருந்தால் சோடாவைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். கை மரத்தாலோ பலமிழந்தாலோ, விழுந்து அடிபட்டு வலித்தாலோ டாக்டரைப் பாருங்கள். கூன் வளர்க்க முதலில் ஆள் இருக்க வேண்டும்.

9. உடம்பை அசைக்காமல் பணத்தை அசையுங்கள்

முதலில் தைலம். அது எரியும்போது வேலை செய்வதுபோலவே இருக்கும். அடுத்து, தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டை ஆன்லைனில் வாங்குங்கள். தசை செய்ய வேண்டிய வேலையைப் பட்டை செய்யும், தசை நிம்மதியாக இன்னும் இளைக்கும். இரண்டு நாளில் அக்குள் வியர்த்து, அது பீரோவுக்குள் போய்விடும். பிறகு உயர் ரக நாற்காலி வாங்குங்கள். ஏழு நெம்புகோல் இருக்கட்டும். ஒன்றையும் தொடாதீர்கள். துவைத்த துணியை மடிக்கும்வரை போட்டுவைக்க அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை.

கடைசியாக, தோள் பயிற்சி வீடியோக்களைச் சேகரியுங்கள். படுத்துக்கொண்டு பாருங்கள். 'சேமி' என்பதை அழுத்துங்கள். குடும்பக் குழுவுக்கு அனுப்புங்கள். சித்தப்பா கட்டைவிரல் தூக்கிக் காட்டுவார். அன்றைய தினம் அந்தக் குடும்பத்தில் அசைந்த மூட்டு அது ஒன்றுதான்.

10. இவற்றை மட்டும் செய்துவிடாதீர்கள்

கீழே இருப்பவை ஆபத்தானவை. வருஷக்கணக்கில் சேர்த்ததைச் சில வாரங்களிலேயே கரைக்கத் தொடங்கிவிடும். எப்படி இருக்கும் என்று அடையாளம் தெரிந்தால்தான் தவிர்க்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மோவாயைப் பின்னிழுத்தல்: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல் நிமிர்த்தாமல், மோவாயை மட்டும் பின்னே இழுத்து ஐந்து விநாடி வைப்பது. பத்து முறை. செய்யும்போது இரட்டைத் தாடை தெரியும். இந்த ஒரு காரணமே தவிர்க்கப் போதும்.

தோள்பட்டை சேர்த்தல்: தோளைக் காதுக்குத் தூக்காமல், முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் நெருக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது. பத்து முறை.

கதவு நிலை: நிலையின் இரு பக்கமும் முன்கைகளை வைத்து, முழங்கை தோள் உயரத்தில் இருக்க, ஒரு காலை முன்னே வைத்து மெல்லச் சாய்வது. நெஞ்சு விரியும். 30 விநாடி, மூன்று முறை. கதவு நிலை முதுகு சொறிய மட்டுமே என்பதில் உறுதியாக இருங்கள்.

சுவர்: முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, முழங்கையை மடக்கி, கைகளைச் சுவரோடு உரசியபடி மேலே ஏற்றி இறக்குவது. பத்து முறை. தோள் ஏற்கெனவே இறுகியவர்கள் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே நடந்துபோவார்கள். வலி பொறுக்கும் உயரம்வரை மட்டும். அல்லது ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம் போடுவார்கள்.

துண்டு: குளியல் துண்டைச் சுருட்டி மேல்முதுகுக்குக் குறுக்கே போட்டு, அதன் மேல் மல்லாந்து கையை விரித்து இரண்டு நிமிடம் கிடப்பது.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காசு கிடையாது, போட்டோ எடுத்துப் போட ஒன்றுமில்லை, முதல் வாரம் வித்தியாசமே தெரியாது. இவ்வளவு சுவாரசியமில்லாத ஒன்றை யார் செய்வார்கள் என்ற தைரியத்தில்தான் பட்டியலையே கொடுத்திருக்கிறேன்.

11. தேர்வு எழுதுங்கள்

குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றையும் சுவரில் ஒட்டி நில்லுங்கள். மோவாயைத் தூக்காமல் பின்மண்டையைச் சுவரில் வையுங்கள். தொட்டால் தோல்வி, சோபாவுக்குத் திரும்புங்கள். இரண்டு விரல் இடைவெளி இருந்தால் தேர்ச்சி. ஒரு கை நுழைந்தால் முதல் வகுப்பு. சுவரில் நிற்கும்போதே போனைப் பார்க்க வேண்டும்போல இருந்தால் மாநிலத்தில் முதலிடம்.

12. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுங்கள்

கல்வி சொத்துபோல, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. கால அட்டவணையைப் பார்க்காமல் எல்லாப் புத்தகத்தையும் அடுக்கி அனுப்புங்கள். வீடு திரும்பியதும் சோபாவில் உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். பார்த்துப் பழகட்டும்.

தினமும் ஒருமுறை, 'நிமிர்ந்து உக்காரு, கூன் விழுந்துடும்' என்று பிள்ளையை அதட்ட மறக்காதீர்கள். அதட்டும்போது போனிலிருந்து தலையைத் தூக்கிவிடாதீர்கள். தூக்கினால் அது கழுத்துப் பயிற்சிக் கணக்கில் போய்விடும்.